பாலைவன அரண்மனையில் ரூம் போடுவதற்கு முன்

ராஜஸ்தானுக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, "எந்த அரண்மனை ஹோட்டல் நல்லா இருக்கும்?" என்பதுதான். பழைய கட்டடங்களைச் சீரமைப்பது என் தொழில். அதனால் பதிலுக்கு நான் கேட்பது, "அங்கே குளிக்கிற தண்ணீர் எங்கே போகிறது?"

அரண்மனைகள் ஹோட்டலானது நல்ல விஷயம்தான். 1971-இல், முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியம் நின்ற பிறகு, வருமானம் இல்லாத பல மாளிகைகளைப் பராமரிக்க ஆளில்லை. 1464-இல் எழுந்த நீம்ரானா கோட்டை பாழடைந்து கிடந்தது. சீரமைத்து 1991-இல் விருந்தினருக்குத் திறந்ததால்தான் இன்று நிற்கிறது. ஆனால் சீரமைப்பு என்ற பெயரில் கட்டடத்தின் ஆயுளைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஜெய்சல்மேர் கோட்டையைப் பாருங்கள். 1156-இல் தொடங்கியது. கோட்டைக்குள்ளேயே மக்கள் குடியிருக்கிறார்கள்; முன்பு குடத்தில் சுமந்து வந்த தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். இப்போது வீட்டுக்கு வீடு குழாய், விடுதிகளில் அறைக்கு அறை குளியலறை. கசியும் கழிவுநீர் கோட்டைக்கு அடியில் உள்ள களிமண் பாறையில் இறங்கி, அதை இளக்கிவிடுகிறது. மேலே மணற்கல் சுவர் எவ்வளவு கனமாக இருந்து என்ன, கால் வைக்க இடம் குழைந்தால் சரியத்தானே செய்யும்? கொத்தளங்கள் சிலவும் இப்படித்தான் சரிந்தன. 2013-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகும் இந்தக் கவலை தீரவில்லை. கோட்டையைப் பகலில் ஆற அமரச் சுற்றிப் பாருங்கள், தங்குவது கீழே ஊருக்குள் இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

எல்லா அரண்மனைக்கும் இது பொருந்தாது. 1929-இல் தொடங்கி 1943-இல் முடிந்த ஜோத்பூர் உமைத் பவன் போன்றவற்றில் குளியலறையும் குழாயும் முதலிலிருந்தே திட்டத்தில் இருந்தன. பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுக்க எழுப்பிய கட்டடம் அது. நூற்றாண்டுகள் பழைய கோட்டைகளில்தான் குழாயைப் பிற்பாடு சுவருக்குள் திணிக்கிறார்கள்.

அறைக்குள் போனதும் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? விரல் வைத்தால் கல் மாவாக உதிர்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பில் வெல்லமும் வெந்தயமும் சேர்த்துப் பூசினார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் வழி அடைபடும். கல்லுக்குள் உப்பு படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். மேலே புது பெயின்ட் அடித்துக் கொஞ்ச நாள் மறைக்கலாம், அவ்வளவுதான். நல்ல சுண்ணாம்பு வேலை கையில் பட்டாலே தெரியும். பளிங்குத் தூள் கலந்து கல்லால் தேய்த்து மெருகேற்றிய 'ஆராயிஷ்' பூச்சு கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

அப்புறம், பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. கோட்டைப் படிகள் ஒன்றுபோல் உயரம் இருக்காது, வாசல்கள் தாழ்வு, மாடிக் கைப்பிடிச் சுவரும் சில இடங்களில் இடுப்புக்குக் கீழே. தரைத்தள அறையை முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். கழிவுநீர் எங்கே போகிறது, பூச்சு சுண்ணாம்பா சிமென்ட்டா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். விருந்தினர் கேட்கும் கேள்விக்கு முதலாளி காது கொடுப்பார். எங்களைப் போன்றவர்கள் எழுதும் அறிக்கை பல நேரம் மேசையிலேயே கிடக்கிறது.