டூப்ளிகேட் படம் போலிப் படம் அன்று

கணினியில் ஒரே படம் நாலு கோப்புறைகளில் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொண்டால், அவற்றைத் தேடித் தரும் செயலிகள் இருக்கின்றன. அந்தச் செயலிகளைப் பற்றிய தமிழ்க் குறிப்புகளிலும் காணொளிகளிலும் ‘போலிப் படங்களை நீக்குவது எப்படி?’ என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கில ‘டூப்ளிகேட்’டுக்கு இது தவறான சொல். படங்களை இழக்கவும் வைக்கும்.

டூப்ளிகேட் இலத்தீனிலிருந்து வந்தது. ‘டுவோ’ இரண்டு, ‘பிளிக்காரே’ மடித்தல். நம் ‘இருமடங்கு’ம் அதே மடிப்பிலிருந்து பிறந்ததுதான். இரண்டாக மடித்தல் என்ற அந்த மூலப் பொருளில் பொய்யோ ஏமாற்றோ இல்லை. அது நம் கடைத்தெருவில் ஒட்டிக்கொண்டது. ‘டூப்ளிகேட் கடிகாரம்’ என்றால் நமக்குப் போலிச் சரக்கு. மொழிபெயர்த்தவர் அந்தப் பேச்சு வழக்கையே தமிழாக்கிவிட்டார்.

சிங்கப்பூரில் இது கூடுதலாக இடறுகிறது. போலி இணையத்தளம், போலி அழைப்பு என்று மோசடி எச்சரிக்கைகளில் தினமும் படிக்கிறோம். ‘உங்கள் கணினியில் போலிப் படங்கள் உள்ளன’ என்று ஒரு மூத்தவர் கண்டால், யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்றோ, செயற்கை நுண்ணறிவு செய்த படம் என்றோதான் நினைப்பார். இன்னொன்று: போலியை அழித்தால் உண்மையானது பத்திரமாக இருக்கும் என்று நம்பி, பட்டியலில் உள்ள அனைத்தையும் தேர்ந்தெடுத்து அழிப்பார். பட்டியலில் இருப்பவை எல்லாம் உண்மையானவையே. எல்லாவற்றையும் அழித்தால் ஒன்றும் மிஞ்சாது.

‘போலி’ போல் என்ற வேரிலிருந்து வந்தது, இலக்கணத்தில் அறம்–அறன் போலிதானே, அங்கே ஏமாற்று ஏது என்று வாதிடுவோர் உண்டு. அந்த இலக்கணமே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. போலியில் ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து உட்காருகிறது. மகரம் போய் னகரம். ஒன்றே இரண்டாக வருவதற்கு இலக்கணம் வேறு பெயர் வைத்திருக்கிறது: இரட்டித்தல். கல் + எறி = கல்லெறி. இரண்டு லகரத்தில் எது அசல், எது போலி என்று எவரும் கேட்பதில்லை. டூப்ளிகேட் கோப்பும் அப்படித்தான். எனவே ‘இரட்டிப்புப் படம்’ என்பதே பொருந்தும்.

‘நகல்’ பரவாயில்லையே என்பார்கள். அது அரபு வழி வந்தது என்பது என் முதல் மறுப்பு அன்று. நகல் என்றாலே அசல் என்று ஒன்று தேவைப்படுகிறது. செயலியோ ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 போன்ற கணக்கால் ஒரு கைரேகை எண் எடுத்து, எண்கள் ஒன்றாக இருந்தால் ஒரே குழுவில் போடுகிறது. பெயரை மாற்றினாலும் எண் மாறாது. உள்ளே ஒரு பிட் மாறினால் எண் முற்றிலும் மாறிவிடும். இதில் அசல் எது என்று செயலிக்குத் தெரியாது. தேதியையும் முழுதாக நம்ப முடியாது: விண்டோசில் படியெடுத்தால் ‘உருவாக்கிய தேதி’ புதிதாகிறது, ‘மாற்றிய தேதி’ பழையதாகவே இருக்கிறது. எதை வைப்பது என்பதை, எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பார்த்து நாம்தான் முடிவு செய்யவேண்டும்.

இதோடு இன்னொரு குழப்பம். வாட்ஸ்அப்பில் வந்த படம் பொதுவாகச் சுருக்கப்பட்டு, எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்கள் நீங்கி வருகிறது. கண்ணுக்கு ஒன்றுதான், கைரேகை எண்ணோ வேறு. தைப்பூசத்தில் ஒரே காவடியைத் தொடர்ச்சியாகப் பத்து முறை எடுத்ததும் இரட்டிப்பு ஆகாது. இவற்றைச் ‘சாயல் படங்கள்’ எனலாம். ‘ஒத்த படங்கள்’ என்று எழுதுகிறார்கள். பேச்சில் ஒத்த என்றால் ஒற்றை, நேரெதிர்ப் பொருள்!

சாயலைப் பிடிக்கும் முறை ஒன்று: படத்தை 9×8 புள்ளிகளாகச் சுருக்கி, நிறம் நீக்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எது வெளிச்சம் என்று பார்த்தால் 64 விடைகள். இரு படங்களுக்கும் எத்தனை விடைகள் வேறுபடுகின்றன என்பதே இடைவெளி. சாயல் என்று ஏற்கும் இடைவெளியை 10க்கு மேல் தளர்த்தினால் சம்பந்தமில்லாத படங்களும் சேரத் தொடங்கும். ஆகவே இரட்டிப்பைச் செயலி சொல்வதை நம்பி நீக்கலாம், ஒன்றை மட்டும் விட்டுவைத்து. சாயலைக் கண்ணால் பார்த்தே நீக்கவேண்டும்; பொதுவாகப் புள்ளிகள் அதிகமுள்ளதை, எடுத்த தேதி உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் இந்த வேறுபாடு படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் சொற்கள் அட்டவணையாகத்தான் வருகின்றன, திரையைப் பார்க்க வாய்ப்பில்லை என்பது உண்மையே. ஆனால் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டுவது வேலை ஆகாது. மின்னிலக்கம் (டிஜிட்டல்), வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்று சொல் படைத்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஊர் சிங்கப்பூர். பொத்தானில் ‘போலியை நீக்கு’ வேண்டாம். ‘கூடுதல் படிகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பு’ என்று எழுதுங்கள். நீளம்தான். ஆனால் ஒரு படியாவது மிஞ்சவேண்டும் என்பது ‘கூடுதல்’ என்பதிலேயே இருக்கிறது, தவறினால் எங்கே போய் மீட்பது என்பதும் தெரிகிறது.