நின்று நின்று போகும் வண்டிக்கு எதற்கு இத்தனை மோட்டார்?

தாம்பரம்–விழுப்புரம், கோவை–மேட்டுப்பாளையம் தடங்களில் முன்பு இன்ஜின் இழுத்த பாசஞ்சர் வண்டிகளின் இடத்தை இப்போது மெமு (மெயின்லைன் எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட்) என்ற மின்சார ரயில் பிடித்திருக்கிறது. முன்னால் தனி இன்ஜின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன.

பாசஞ்சருக்கு உச்ச வேகம் பெரிய விஷயமே இல்லை. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் வந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு கணக்கு போடுவோம். ஒவ்வொரு வினாடியும் தன் வேகத்தை வினாடிக்கு 0.2 மீட்டர் கூட்டும் வண்டி, மணிக்கு 72 கிலோமீட்டரைத் தொட 100 வினாடி ஆகும். அதற்குள் ஒரு கிலோமீட்டர் போய்விடும். 0.5 மீட்டர் வீதம் கூட்டினால் 40 வினாடியில் அந்த வேகத்தைத் தொட்டு, மீதியை அதே வேகத்தில் ஓடி, அதே தூரத்தை 70 வினாடியில் கடந்துவிடலாம். ஒரு நிறுத்தத்துக்கு 30 வினாடி மிச்சம். இருபது நிறுத்தம் என்றால் பத்து நிமிடம்!

சரி, இன்ஜினையே பெரிதாக்கினால் என்ன? சக்கரமும் தண்டவாளமும் எஃகு என்பதால் பிடிமானம் குறைவு. அளவுக்கு மீறி முறுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே வழுக்கும். மோட்டார் பூட்டிய சக்கரங்களை எவ்வளவு எடை அழுத்துகிறதோ அவ்வளவுதான் பிடிமானம். எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கும் டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினில் மோட்டார் பூட்டிய அச்சுகள் 6. பழைய வகை மெமுவில் நான்கு பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி, அதில் 4 அச்சு. 12 பெட்டி வண்டிக்கு மொத்தம் 12 அச்சு. மோட்டார் பெட்டியில் நெருக்கியடித்து ஏறும் கூட்டமும் பிடிமானத்துக்குத்தான் உதவுகிறது. கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலையும் இல்லை. டிரைவர் மறுமுனைக்கு நடந்து போனால் போதும்.

இது புதிய யோசனை அல்ல. பம்பாயில் 1925-லேயே, சென்னை கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931-லேயே இப்படிப்பட்ட மின்சார ரயில்கள் வந்துவிட்டன. 1990-களில்தான் அதை நகரத்துக்கு வெளியே, 25,000 வோல்ட் மின்கம்பி போட்ட நெடுந்தடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பிற்பாடு கழிவறையும் சேர்த்தார்கள். நாலைந்து மணி நேரம் உட்கார அந்த இருக்கை லாயக்கில்லை என்பது வேறு கதை.

பழைய மோட்டார் பெட்டியில் டிரைவர் அறைக்குப் பின்னால் காற்றோட்டப் பட்டைகள் வைத்த ஒரு மூடிய அறையைப் பார்க்கலாம். மின்கருவிகளுக்கான இடம் அது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலை கட்டிய, மூன்று-கட்ட (த்ரீ-ஃபேஸ்) மோட்டார் வைத்த புதிய மெமுவில் அந்தக் கருவிகளைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டதால் ஆட்களுக்கு இடம் கூடியது. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகிறது. அடிக்கடி நிற்கிற வண்டி என்பதால் இந்தச் சேமிப்பும் அதிகம்.

கொரோனாவுக்குப் பிறகு இவற்றுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கினார்கள். நிறுத்தங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது.