அந்தப் பின்னட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் குடும்பப் போட்டோ ஒன்றை வாங்கியிருக்கிறார். நாற்காலியில் ஒரு பெரியவர், பக்கத்தில் நின்றபடி ஓர் அம்மாள், தரையில் சம்மணமிட்டு இரண்டு பையன்கள். "இவங்க யாருன்னு எப்படியாவது கண்டுபிடிச்சுத் தரணும் சார்" என்றார். படம் பளபளவென்று புது ஃபிரேமில் இருந்தது. பழைய ஃபிரேம் எங்கே என்றேன். கரையான் அரித்திருந்ததாம், ஃபிரேம் கடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டார்களாம். பின்னால் இருந்த அட்டை? அதுவும் போய்விட்டது. அதில் ஏதாவது எழுதியிருந்ததா? "ஏதோ ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருந்துச்சு, ஒரே அழுக்கு, நான் கவனிக்கல சார்."

பழைய படங்களையும் காகிதங்களையும் பழுது பார்ப்பது என் தொழில். இப்படி வந்தவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். முகத்தைப் பத்திரமாகக் கொண்டு வருகிறார்கள், முகவரியைக் குப்பையில் போட்டுவிட்டு.

எல்லாரும் கதை முகத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். கண்ணைப் பாருங்கள் எவ்வளவு சோகம், மீசையைப் பாருங்கள் கட்டாயம் ஜமீன்தான், கோட்டு போட்டிருக்கிறார் வக்கீலாகத்தான் இருக்கும். ஐயா, அந்தக் கோட்டு ஸ்டூடியோவுடையது! வருகிறவர்கள் மாட்டிக்கொள்வதற்காகவே பல ஸ்டூடியோக்களில் கோட்டு வைத்திருந்தார்கள். மேஜை மேல் இருக்கும் கடிகாரம், கையில் இருக்கும் தடித்த புத்தகம், பூஜாடி, பின்னால் தெரியும் மாளிகைத் தூண், படிக்கட்டு எல்லாமே ஸ்டூடியோச் சரக்காக இருக்கலாம். தூணும் படிக்கட்டும் திரையில் வரைந்தவை. ஒரே கோட்டை நாலு வேறு குடும்பத்துப் படங்களில் நாலு பேர் தோளில் பார்த்திருக்கிறேன், ஒருவருக்குக் கை நீளம், இன்னொருவருக்குப் பொத்தானே எட்டவில்லை. முகத்தை வைத்து ஒருவரை அடையாளம் காண வேண்டுமென்றால் அந்த முகத்தை ஏற்கெனவே தெரிந்த யாராவது இருக்க வேண்டும், அல்லது பெயர் எழுதிய இன்னொரு படமாவது இருக்க வேண்டும். 1920-இல் நடுவயதில் இருந்தவரை நேரில் பார்த்து ஞாபகம் வைத்திருக்கிறவரை இன்றைக்கு எங்கே போய்த் தேடுவது? போனில் படத்தைப் போட்டுத் தேடினால் அதே மாதிரி தலைப்பாகை கட்டிய நாற்பது பேரைக் காட்டும், நம் ஆள் அதில் இருக்கமாட்டார்.

இன்னொரு கூத்து, யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். நிற்கிறவர் காலடியில் ஸ்டாண்டின் பாதம் தெரிந்தால் அது பிணத்தை நிறுத்தி எடுத்த படமாம். அந்த ஸ்டாண்ட் உயிரோடு இருப்பவர் அசையாமல் நிற்பதற்காக வைத்தது, அவ்வளவுதான். ஒரு சடலத்தை நிறுத்திவைக்கிற பலம் அதற்குக் கிடையாது. இறந்தவரைப் படம் எடுக்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு, ஆனால் நாற்காலியில் சாய்த்தோ படுக்கவைத்தோ எடுத்திருப்பார்கள், மாலை போட்டு, சுற்றிலும் சொந்தக்காரர்களோடு. பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, பின்பக்கத்துக்கு வருவோம். ஒரு அண்ணாச்சி "பிரிட்டிஷ் காலத்துப் படம், நல்ல விலை கொடுத்து வாங்கினேன்" என்று ஒரு பிரிண்டைக் கொண்டு வந்தார். படம் நல்ல பழுப்பு நிறம், அதுதான் அவருக்கு அத்தாட்சி. பழுப்பு நிறத்தை டோனிங் செய்து, அதாவது பிரிண்டை ரசாயனத்தில் நனைத்து, வேண்டுமென்றேகூடக் கொண்டுவருவார்கள், அது வயதுச் சான்றிதழ் இல்லை. திருப்பினால் தாளின் முதுகில் மங்கலாக 'இந்து' (INDU) என்று ஆங்கிலத்தில் அச்சு. ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் பிராண்ட் அது. கம்பெனி 1960-இல் தொடங்கியது, உற்பத்தி ஆரம்பித்தது 1967-இல். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அதே மாதிரி 'அக்ஃபா-கேவர்ட்' என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் அது 1964-க்குப் பிந்தைய தாள், அந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்றானதே அந்த வருஷம்தான். ஸ்டூடியோ முத்திரையில் 'மெட்ராஸ்-17' என்று இருக்கிறதா, 'மெட்ராஸ் 600 017' என்று இருக்கிறதா பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். 'சென்னை' என்று இருந்தால் அது 1996-க்கு முந்தையதாகவும் இருக்கலாம், தமிழில் எப்போதும் சென்னைதானே, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஆனால் ஒன்று, தாளின் வயது பிரிண்டின் வயது மட்டும்தான். வீட்டில் ஒருவர் இறந்துபோனால், பழைய குரூப் போட்டோவிலிருந்து அவர் தலையை மட்டும் தனியாகக் காப்பி எடுத்துப் பெரிதாக்கி, டச்சிங் செய்து, கழுத்துக்குக் கீழே புதிதாகச் சட்டை வரைந்து மாட்டுவார்கள். எனவே 1970-இன் தாளில் 1930-இன் முகம் இருக்கலாம். அண்ணாச்சியிடம் இதையும் சொன்னேன், கொஞ்சம் தெம்பு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூலப்படத்தின் மடிப்பும் கீறலும் காப்பியிலும் தெரியும், தடவினால் மட்டும் வழவழப்பாக இருக்கும்.

இன்னும் பழைய படங்களில் அட்டையும் படமும் ஒரே பொருள். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போட்ட பிரிண்ட் மெல்லியது, விட்டால் சுருண்டுகொள்ளும், அதனால்தான் தடித்த மவுண்ட் அட்டையில் ஒட்டினார்கள். சுமார் 11 செ.மீ. அகலம், 16.5 செ.மீ. உயரத்தில் ஒரு அட்டை கிடைத்தால் அது கேபினட் கார்டு, 1860-களில் வந்து அடுத்த நாற்பது வருஷம் ஓடிய அளவு. அதன் முதுகில் ஸ்டூடியோ பெயரும் ஊரும் கொடி, பூ அலங்காரத்தோடு அச்சாகி இருக்கும். அதை 'கனமாக இருக்கிறது' என்று தண்ணீரில் ஊறவைத்து உரித்தவரையும் நான் பார்த்திருக்கிறேன், எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

பென்சிலில் வெறும் எண் மட்டும் இருந்தாலும் அது நெகட்டிவ் எண்ணாக இருக்கலாம். ஸ்டூடியோக்காரர் மறுபிரிண்ட் போட வசதியாக எழுதி வைத்தது. படத்தின் மூலையில் வெள்ளை எழுத்து தெரிந்தால், அது நெகட்டிவில் கறுப்பு மையால் எழுதியது. ஃபிரேமுக்குள் அட்டைக்கு முட்டாகச் செருகிய செய்தித்தாள் துண்டை மடித்து எறியாதீர்கள், ஃபிரேம் போட்ட காலம் அதில் இருக்கிறது. கண்ணாடி மேல் காய்ந்த சந்தனம், குங்குமமும் தகவல்தான்: அந்த வீட்டில் இவரைக் கும்பிட்டிருக்கிறார்கள். துடைக்கும் முன் ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த படத்தில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு முத்திரை இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடங்கள் அவை. கொழும்பில் பிளேட் அண்ட் கோ 1890-இலேயே தொடங்கிய ஸ்டூடியோ. ரங்கூன் முத்திரை என்றால், 1941 டிசம்பரில் குண்டு விழுந்து ஜனம் கால்நடையாகக் கிளம்புவதற்கு முன்பா பின்பா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. ஸ்டூடியோவின் பெயரும் தெருவும் கையில் இருந்தால் வேலை நடக்கும். மெட்ராஸுக்கு அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற பழைய டைரக்டரி வருஷாவருஷம் வந்தது, கடை எந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்தது என்று அதில் தேடலாம். முத்திரை இல்லாவிட்டாலும் பின்திரை உதவும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி எடுத்து ஸ்கேன் செய்திருக்கிறது. அதே தூண், அதே கிழிசல் உள்ள திரை அங்கே ஒரு படத்தில் இருந்தால் உங்கள் ஸ்டூடியோ கிடைத்தது.

எனவே தயவுசெய்து, கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்பே, முன்னும் பின்னும் போனில் எடுங்கள். எந்த ஊர், எந்த வீட்டுச் சாமான் என்று கடைக்காரரைக் கேளுங்கள். வீட்டு விலாசம் சொல்லமாட்டார், ஊரையாவது சொல்வார். அதே லாட்டில் வந்த மற்றப் படங்களையும் புரட்டுங்கள், உங்கள் படத்துப் பையன் அங்கே மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கலாம், கீழே பெயரோடு. ஈரத்துணி வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், யூகலிப்டஸ் தைலம் வேண்டவே வேண்டாம். ஓரத்தில் நீலமும் வெள்ளியுமாக மினுக்குவது பூஞ்சை இல்லை, படத்தில் உள்ள வெள்ளி மேலே வந்தது, தேய்க்காதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் மூக்கும் கண்ணும் கண்ணாடியோடு போய்விடும், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். செல்லோடேப், ஃபெவிகால், லேமினேஷன், மூன்றும் கூடாது. பின்னால் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் மெல்லிய பென்சில், ஓரத்தில். ஏ.ஐ. ஆப்பில் போட்டுத் தெளிவாக்கினால் அது ஒரு புது முகத்தை வரைந்து கொடுக்கும், அதை வைத்துத் தேடப் போகாதீர்கள்.

அப்புறம், குடும்பத்தைக் கண்டுபிடிக்க அவசரப்பட்டு வாட்ஸப் குரூப்பில் பரப்ப வேண்டாம். பாகப்பிரிவினைச் சண்டையில் வெளியே போன சாமானாக இருக்கலாம், அது அவர்கள் ஆத்தா படமாக இருக்கலாம். முதலில் ஒருவரிடம் தனியாகக் காட்டிக் கேளுங்கள்.

அந்தக் காரைக்குடிப் படத்துக்காரரை அங்கேயே ஃபிரேம் கடைக்குப் போன் போடச் சொன்னேன். பழைய அட்டையைக் கடைக்காரர் எறியவில்லையாம், நல்ல கெட்டி அட்டை ஆயிற்றே, கரையான் தின்ற ஓரத்தை வெட்டிவிட்டு வேறு யாருடைய முருகன் படத்துக்கோ பின்னால் வைத்து ஆணி அடித்துக் கொடுத்துவிட்டாராம். யாருக்கு என்று அவருக்கு ஞாபகமில்லை.