பதில் பேசாத பெட்டி

பருப்புச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு டிவியைப் போட்டுவிட்டால் போதும், ஒன்றரை வயதுக் குழந்தை கேட்காமலே வாயைத் திறக்கும். என் மகளுக்கும் அப்படித்தான் ஊட்டினேன். அவள் இமைகூடக் கொட்டாமல் பார்ப்பதைக் கண்டு, நாலு வார்த்தை கற்றுக்கொள்கிறாள் என்று மகிழ்ந்தும் இருக்கிறேன். பார்ப்பது வேறு, கற்பது வேறு என்பது பிறகுதான் புரிந்தது.

அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தால் நம் தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. புதிய ஓசை, புதிய அசைவு எது வந்தாலும் 'அது என்ன' என்று உடல் திரும்பும் இந்த அனிச்சைச் செயலை ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் நாய்களிடம் கவனித்து விளக்கினார். டிவியில் காட்சி சில நொடிக்கொரு முறை மாறுகிறது. நிறம், கோணம், ஓசை எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு மாற்றமும் அந்த அனிச்சையை மறுபடி தட்டி எழுப்புகிறது. குழந்தையின் கண் அங்கேயே நிலைத்திருப்பதற்கு இது பெரிய காரணம். கதை புரிந்துதான் பார்க்க வேண்டும் என்றில்லை.

அமெரிக்காவில் சியாட்டல் நகரில் பெட்ரீசியா கூல் என்ற ஆய்வாளர் செய்த சோதனை 2003இல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளுடன் சீனர்கள் சிலர் தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் வாசித்து, மாண்டரின் மொழியில் பேசினார்கள். 12 அமர்வுகள்தான். அதற்குள் மாண்டரினுக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் குழந்தைகள் கற்றுவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்களை, அதே பேச்சை, அதே நேர அளவுக்கு டிவியில் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. மாண்டரினையே கேட்டிராத குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

ஏன் இப்படி? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது. ஜார்ஜீன் ட்ரோசத், ஜூடி டிலோச் இருவரும் 1998இல் வெளியிட்டது. பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்துவைக்கிறார். 2 வயதுக் குழந்தை அதைச் சன்னல் வழியாகப் பார்த்தால், ஓடிப்போய்ச் சரியான இடத்தில் எடுத்துவிடுகிறது. அதே காட்சியை டிவியில் பார்த்தால் பெரும்பாலும் எடுக்க முடிவதில்லை. பார்த்தது நன்றாகவே பார்த்தது. ஆனால் பெட்டிக்குள் நடப்பது பக்கத்து அறையில் நடப்பதுதான் என்ற இணைப்பு அதன் மனதில் விழவில்லை. திரையில் தெரிவது ஒரு படம், அந்தப் படமே நிஜமான வேறொன்றையும் குறிக்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது சின்ன மூளைக்குப் பெரிய வேலை. இரண்டரை வயதுக் குழந்தைகள் அதே சோதனையில் பெரும்பாலும் தேறிவிட்டார்கள்.

ட்ரோசத் 2006இல் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தார். பொம்மை எங்கே என்று சொல்வதற்கு முன், திரையில் இருப்பவர் ஐந்து நிமிடம் குழந்தையோடு உண்மையாகவே பேசினார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், குழந்தை சொன்னதற்குப் பதில் சொன்னார். அப்புறம் அவர் சொன்ன இடத்தில் போய் 2 வயதுக் குழந்தைகள் பொம்மையை எடுத்தார்கள். ஆக, கண்ணாடித் திரை மட்டுமே தடை என்று சொல்ல முடியாது. நான் சிரித்தால் சிரிக்கிறாரா, நான் காட்டுவதைப் பார்க்கிறாரா என்று குழந்தை சோதித்துக்கொண்டே இருக்கிறது. பதில் வராத ஆளின் பேச்சைத் தனக்கானதாக அது எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் டிவியும் இங்கேதான் கெடுதல் செய்கிறது. யாரும் பார்க்கவில்லையே, ஓடினால் என்ன என்று நினைப்போம். 2 மாதம் முதல் 4 வயது வரையுள்ள 329 குழந்தைகளின் சட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சராசரியாக 770 குறைகின்றன. பேச்சைத் தரும் என்று நாம் நம்பிய பெட்டி, வீட்டில் இருக்கும் பேச்சையே தின்றுவிடுகிறது.

குழந்தைகளுக்குச் சொல் கற்றுத்தரும் என்று விற்கப்பட்ட ஒரு வீடியோவை டிலோச் குழு 2010இல் சோதித்தது. ஒரு மாதம் பார்த்த குழந்தைகளும், பார்க்காதவர்களைவிட அதிகமாகக் கற்கவில்லை. அதிகம் கற்றவர்கள், வீடியோ இல்லாமல் அம்மா அப்பா அன்றாட வேலைகளுக்கு நடுவே சொல்லிக்கொடுத்த குழந்தைகள். வீடியோவை ரொம்பப் பிடித்துப்போன பெற்றோர்தான், தங்கள் பிள்ளை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். படித்தபோது சுருக்கென்றது.

இதற்காக டிவியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று வயதுக்கு மேல் கதை வேறு. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் எழுத்தும் எண்ணும் கற்றுத்தர எடுக்கப்பட்ட நிகழ்ச்சி. சில ஊர்களில் அது ஒளிபரப்பான அலைவரிசை அன்றைய பல பெட்டிகளில் சரியாகக் கிடைக்காது. இந்த வேறுபாட்டை வைத்துப் பொருளியலாளர்கள் மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் கணக்கிட்டார்கள். நிகழ்ச்சி நன்றாகத் தெரிந்த ஊர்ப் பிள்ளைகள், வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் இருப்பது கூடியிருந்தது. வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகப் பலன். பள்ளிக்கு முன் வேறு வாய்ப்பே இல்லாத பிள்ளைக்கு நல்ல நிகழ்ச்சி ஒரு வரம்தான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016இல் ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று சொன்னபோது, ஒன்றே ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தது: வீடியோ அழைப்பு. ஊரிலிருக்கும் பாட்டி போனில் 'என்னடி சாப்பிடுற?' என்று கேட்டால், குழந்தை கையிலிருக்கும் சோற்றைத் திரைக்கு நேரே நீட்டும். பாட்டி 'ஆ' என்று வாயைத் திறப்பாள்.