பாலத்தைச் சுருக்கினால் பூகம்பத்தையும் சுருக்க வேண்டும்

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46. ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியதில் ஹான்ஷின் விரைவுச் சாலையின் மேம்பாலம் ஒன்று 635 மீட்டர் நீளத்துக்குப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிட்டது. அதன் தூண்களுக்குள் செங்குத்தாகப் போகும் கம்பிகளில் ஒரு பகுதியைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். கட்டிய காலத்தில் அதுதான் வழக்கம். கம்பி நின்ற இடத்தில் தூண் பலவீனமாகி உடைந்தது.

இப்படிப்பட்ட பலவீனத்தைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் கான்கிரீட் எப்படி விரிசல் விடும் என்பதை நாம் சொல்லிக்கொடுத்த அளவுக்குத்தான் கணினிக்குத் தெரியும். அதைக் கற்க நிஜத் தூணை உடைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அதிர்வு மேடை. பெரிய இரும்புத் தளம், அதை எல்லாப் பக்கமும் தள்ளி இழுக்கும் ஹைட்ராலிக் தண்டுகள். எங்கோ பதிவான பூகம்பத்தை அப்படியே மறுபடி ஓட்டலாம்.

பாலம் முழுவதும் மேடையில் ஏறாது. சரி, நாலில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டலாமா? இங்கேதான் வம்பு. நீள அகல உயரம் எல்லாம் நாலில் ஒன்றானால் தூணின் குறுக்குப் பரப்பு 16-ல் ஒன்றாகும், எடையோ 64-ல் ஒன்றாகிவிடும். தூண் சுமக்க வேண்டிய பாரம் இல்லாமல் ஹாயாக நிற்கும். அதனால் ஈயம், கான்கிரீட் கட்டிகளை மேலே ஏற்றி எடையைச் சரிக்கட்டுகிறார்கள். நேரமும் மாறும். ஊஞ்சல் கயிற்றை நாலில் ஒன்றாக வெட்டினால் அது இருமடங்கு வேகத்தில் ஆடும், இல்லையா? அதே கணக்குப்படி, 20 நொடி பூகம்பத்தைச் சின்னப் பாலத்துக்கு 10 நொடியில் ஓட்ட வேண்டும்.

எடையையும் நேரத்தையும் சரிசெய்துவிடலாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஜல்லி, கம்பியை அது பிடித்துக்கொள்ளும் விதம், விரிசலின் அகலம் ஆகியவற்றை அவ்வளவு ஒழுங்காகச் சுருக்க முடியாது. கோபேக்குப் பிறகு ஜப்பான் பெரிதாகவே யோசித்தது. 2005-ல் மிக்கி நகரில் திறந்த 'இ-டிஃபென்ஸ்' மேடை 20 மீட்டருக்கு 15 மீட்டர். 1,200 டன்னைச் சுமந்துகொண்டு ஆடும்.

அதில் 1970களின் முறையில் ஒரு தூணை முழு அளவில் கட்டி, கோபேயின் தகத்தோரி ரயில் நிலையத்தில் பதிவான அதிர்வை அடிப்படையாக வைத்துக் குலுக்கினார்கள். கம்பி நின்ற இடத்திலேயே அது உடைந்தது. புதிய விதிமுறைப்படி, செங்குத்துக் கம்பிகளைச் சுற்றி நெருக்கமாக வளையக் கம்பி கட்டிய இன்னொரு தூண் முதல் குலுக்கலைத் தாங்கியது. பூகம்பத்தில் தூண் விறைப்பாக நிற்க வேண்டும் என்பதில்லை. அடியில் கொஞ்சம் வளைந்து, நொறுங்கிய கான்கிரீட்டைக் கைவிடாமல் பிடித்திருந்தால் போதும். அந்தப் பிடி வளையக் கம்பியின் வேலை.

அப்புறம் எடையையும் அதிர்வையும் கூட்டிப் பார்த்தார்கள். புதிய தூணின் உட்புறக் கான்கிரீட்டும் கட்டிகளாக உடைந்து, கம்பிக் கூண்டின் இடைவெளி வழியே வெளியே கொட்டியது.