அகூஸ்டிக் ரெக்கார்டிங்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

பழைய ஓபரா (மேற்கத்திய இசைநாடகம்) இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்கப் போனால் முதலில் எதிர்ப்படும் சொல் இதுதான். மைக் இல்லாமல், ஒலியைப் பிடிப்பதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லாமல் செய்த ஒலிப்பதிவுக்கு இந்தப் பெயர். பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாயில் பாடுவார், அதன் ஒடுங்கிய முனையில் இருக்கும் மெல்லிய தகடு அதிரும், தகட்டோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் நெளிநெளியாகக் கோடு கீறிக்கொண்டே போகும். ஊசியை அசைத்தது குரலின் பலம் மட்டும்தான்.

'அகூஸ்டிக்' என்பதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது, 'கேட்டல் தொடர்பான' என்று பொருள். ஆனால் 1902 ஏப்ரலில் மிலான் நகர ஹோட்டல் அறையில் இத்தாலிய ஓபரா பாடகர் என்ரிகோ கரூசோ கூம்புக்குள் பாடியபோது இப்படி ஒரு அடைமொழி தேவைப்படவில்லை, அது வெறும் ஒலிப்பதிவு. 1925இல் மைக் வைத்த மின்முறைப் பதிவு வந்த பிறகுதான் பழையதைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. எலெக்ட்ரிக் கிட்டார் வந்ததும் சாதா கிட்டார் 'அகூஸ்டிக் கிட்டார்' ஆனதும் இப்படித்தான்.

சரி, தமிழில்? 'ஒலியியல் பதிவு' என்று நேராக மாற்றினால் ஒன்றும் விளங்காது, எல்லா ஒலிப்பதிவும் ஒலி சம்பந்தப்பட்டதுதானே. 'இயந்திர ஒலிப்பதிவு' கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பாடகர் என்ன செய்தார் என்பது அதில் தெரியவில்லை. என் தேர்வு 'கூம்பு ஒலிப்பதிவு'. கூம்பு ஒலிபெருக்கி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொன்ன உடனே உருவம் மனதில் வந்துவிடும்.

இந்தப் பதிவுகளைக் கேட்கும் முறையும் கூம்பைப் புரிந்துகொண்டால்தான் பிடிபடும். கூம்பு நடுத்தர அதிர்வெண்களை நன்றாகப் பிடிக்கும், அடிநாதத்தையும் மேல்நாதங்களையும் விட்டுவிடும். வயலின் சரியாக ஏறாது என்பதால் உலோகக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வைத்தார்கள், தாழ்ந்த சுரங்களுக்கான பெரிய நரம்புக் கருவி டபுள் பாஸுக்குப் பதில் பெரும்பாலும் ட்யூபா என்ற பித்தளைக் குழலை ஊதினார்கள். அதனால் ஆர்கெஸ்ட்ரா சப்பென்று இருப்பதை வைத்துப் பதிவையே தள்ளிவிடாதீர்கள். ஆண்குரல்கள், முக்கியமாக டெனர் என்னும் உயர்ந்த ஆண்குரல், ஆச்சரியப்படும் அளவுக்கு முழுசாகக் கிடைக்கின்றன. மேல்நாதங்களில் பளபளக்கும் சுப்ரானோக்களுக்குத்தான் (உயர்ந்த பெண்குரல்கள்) நஷ்டம் அதிகம். உச்சஸ்தாயியில் ஊசி தாறுமாறாகத் துள்ளாமல் இருக்கப் பாடகர் பின்வாங்கி நின்று பாட வேண்டும், அதனால் அங்கே குரல் சட்டென்று தூரம் போனதுபோல் கேட்கும்.

1887இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'ஒதெல்லோ' ஓபரா முதன்முதலில் மேடையேறியபோது நாயகனாகப் பாடிய தமாஞோ, 1903இல் அதே பாத்திரத்தின் நுழைவுப் பகுதியைக் கூம்பில் பாடியிருக்கிறார். பியானோ மட்டும்தான் துணை. வெர்டி கேட்டுத் தேர்ந்த குரல் அது! புகழ்பெற்ற சுப்ரானோ அடெலினா பட்டி 1905இல் வேல்ஸில் தன் சொந்த மாளிகையில் பாடிப் பதிந்தபோது வயது 62, மூச்சு குறைந்திருக்கிறது, ஆனால் சொற்களை அவர் வளைத்து இழைக்கும் விதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாணி, இன்றைக்கு யாரும் அப்படிப் பாடுவதில்லை.

முதல்முறை கேட்பவர்கள் கரூசோவில் தொடங்கலாம். 1921இல் இறந்துவிட்டதால் அவர் பதிந்தது எல்லாமே கூம்பு ஒலிப்பதிவுதான். அப்புறம் ஒரு விஷயம், அந்தக் காலத்தில் தட்டின் சுழல்வேகம் எல்லா இடத்திலும் நிமிடத்துக்கு 78 சுற்று இல்லை, தவறான வேகத்தில் ஓட்டினால் சுருதியும் குரலின் தன்மையும் சேர்ந்து மாறிவிடும். வேகத்தைச் சரிபார்த்து மாற்றிய பிரதியாகப் பாருங்கள். இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்த பிரதிகள் வேண்டாம், அதில் குரலும் கொஞ்சம் சேர்ந்தே போயிருக்கும்.