இலெக்ட்ரோகோர்ட்டிகோகிராபி: தமிழில் மேற்பட்டை மின்வரைபு

இலங்கையின் வடக்கே, வன்னி மல்லாவியில் எங்கள் பக்கத்து வளவு அக்கா போன மாதம் ஒரு கடிதத்தோடு வந்தார். கொழும்புக் கிளினிக்கில் மகனின் வலிப்புக்காகக் கொடுத்த கடிதம், முழுக்க ஆங்கிலம். நடுவில் ஒரு நீளச் சொல்லுக்குக் கீழே யாரோ பேனையால் கோடு போட்டிருந்தார்கள்: இலெக்ட்ரோகோர்ட்டிகோகிராபி. அக்காவுக்கு அதன் தலைப்பக்கம் மட்டும் விளங்கியிருக்கிறது.

“தம்பி, இலெக்ட்ரிக் எண்டு கிடக்குது. பிள்ளையின்ர தலைக்குக் கரண்ட் குடுக்கப்போறாங்களோ?”

“இல்லை அக்கா. அங்க ஏற்கனவே கரண்ட் ஓடுது. அதைப் பாக்கப்போறாங்கள்.”

“அப்ப இதுக்குத் தமிழில என்ன பேர்? கிளினிக் கொப்பியில எழுதி வைக்க வேணும்.”

அதற்குத்தான் என்னிடம் உடனே பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அந்த இரண்டு நாளில் தேடியதும் யோசித்ததும் இங்கே. மூளையின் மேற்பரப்பிலேயே மின்வாய் (மின்னைப் பிடிக்கும் உலோக முனை) வைத்து அதன் மின்னலைகளைப் பதிவதுதான் இந்தச் சோதனை.

சொல்லை மூன்றாக உடைக்கலாம். முதல் துண்டு எலெக்ட்ரோன். கிரேக்கர் அம்பர் என்ற மரப்பிசின் கல்லுக்கு வைத்திருந்த பெயர். கம்பளியில் தேய்த்தால் அது சருகையும் தூசியையும் இழுக்கும். அந்த இழுவையை வைத்து 1600இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆக்கிய இலத்தீன் சொல்தான் பிறகு இலெக்ட்ரிக் ஆனது. எங்கள் பாடநூலில் இருக்கும் ‘இலத்திரன்’ இதே எலெக்ட்ரோன்தான், வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தமிழில் மின் என்பது மின்னுவதில் இருந்து வந்தது. அவர்கள் இழுப்பதைக் கண்டு பேர் வைத்தார்கள், நாங்கள் வானத்து வெளிச்சத்தைக் கண்டு வைத்தோம். இந்தத் துண்டில் சிக்கல் இல்லை.

இரண்டாவது கோர்ட்டெக்ஸ். இலத்தீனில் மரப்பட்டை. மூளையின் வெளிப்புறமாக, பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்பில், மடிந்து மடிந்து கிடக்கும் சாம்பல் நிறப் படைக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பார்த்தால் பொருத்தம் தெரியும். முதிர்ந்த பாலை மரத்தின் பட்டையில் வெடிப்பும் மேடுமாக இருக்குமே, அப்படி. தமிழ்நாட்டில் இதைப் புறணி என்கிறார்கள். நல்ல பழைய சொல்தான், தோலுக்கும் பட்டைக்கும் உரியது. ஆனால் அங்கேயே பேச்சுவழக்கில் புறணி பேசுவது என்றால் ஆள் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிக் கதைப்பது. எங்கள் பக்கத்துப் பாடநூல்கள் மேற்பட்டை என்கின்றன. சாதாரண தரத்துப் பிள்ளை சிறுநீரகத்தின் குறுக்குவெட்டைக் கீறிப் பெயரிடும்போதே இந்தச் சொல்லை எழுதிப் பழகிவிடுகிறது. மூளைக்கும் அதுவே போதும்.

பட்டை என்றால் கொஞ்சம் நாட்டுப்புறமாக இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஜேர்மன்காரர் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிந்தவர் ஜேர்மனியின் ஜேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிந்து 1929இல் வெளியிட்டார். அறுவையின்போது திறந்த மூளையில் நேரடியாக மின்வாய் வைத்துப் பதிந்ததை 1935இல் எழுதியவர்கள் ஃபோர்ஸ்டரும் அல்டன்பர்கரும், அவர்களும் ஜேர்மன்காரர்தான். அந்த மொழியில் கோர்ட்டெக்ஸுக்குப் பெயர் ஹிர்ன்றிண்ட. ஹிர்ன் மூளை, றிண்ட பட்டை. வீட்டு மரத்தின் பட்டைக்குச் சொல்லும் அதே சொல். பாணின் மேல்தோலுக்கும் அதுவே. அவர்கள் கூச்சப்படவில்லை.

மூன்றாவது துண்டில்தான் எனக்கு உண்மையான சந்தோசம். கிராபெயின் என்றால் கிரேக்கத்தில் முதலில் கீறுவது, பிறகுதான் வரைவதும் எழுதுவதும். தமிழ்நாட்டில் படம் வரைவார்கள். நாங்கள் படம் கீறுவோம். முள்ளுக் கீறினாலும் கீறல், கொப்பியில் பூ கீறினாலும் கீறல். கிரேக்கத்தில் நடந்த பொருள்மாற்றம் முழுவதும் வன்னியில் ஒரே வினைச்சொல்லுக்குள் கிடக்கிறது. ஆகவே அந்த நீளச் சொல்லை அப்படியே வீட்டுத் தமிழில் வைத்தால் ‘மின்பட்டைக்கீறல்’. பெடியள் முதிரை மரத்தில் கத்தியால் பேர் கீறுவதுதான் நினைவுக்கு வரும். அக்காவின் பயமும் அதுதானே! ஆனால் இங்கே பட்டையில் யாரும் கீறுவதில்லை. பட்டைதான் கீறுகிறது. பழைய இயந்திரங்களில் ஓடுகிற கடதாசியில் மைப்பேனை மேலும் கீழும் இழுத்ததே, அது மேற்பட்டையின் கையெழுத்து. இப்போது கொம்பியூட்டர்த் திரையில் கீறுகிறது.

கீறல் என்று வைத்தால் பயப்படுத்தும் என்பதால் கணிதப் பாடத்து ‘வரைபு’ என்பதையே எடுத்தேன். மேற்பட்டை மின்வரைபு. ‘மூளைய’ என்று முன்னால் போடத் தேவையில்லை. சிறுநீரகத்தின் மேற்பட்டையில் யாரும் இப்படி மின் பதிவதில்லை.

சிலர் இதையும் ஈஈஜியையும் ஒன்றாக்கி ‘மூளை மின்னலைப் பதிவு’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மண்டையோடு இருக்கிறது. ஈஈஜியில் மின்வாய்களைத் தலைத்தோலில் ஒட்டுவார்கள். எலும்பும் தோலும் தாண்டி வருவது 10 முதல் 100 மைக்ரோவோல்ற் அளவுதான், அதுவும் மங்கலாக. பல சதுர சென்ரிமீற்றர் மேற்பட்டை ஒன்றாகத் துடித்தால்தான் வெளியே ஒரு கூர் (அலையில் திடீரென்று எழும் ஊசிமுனை) தெரியும். மேற்பட்டை மின்வரைபில் எலும்பைத் திறந்து, தடித்த உறையை விலக்கி, மெல்லிய சிலிக்கோன் தகட்டை மூளையின் மேலேயே விரிப்பார்கள். தகட்டில் சின்னச் சின்னப் பிளாட்டின வட்டங்கள், ஒன்றுக்கொன்று ஒரு சென்ரிமீற்றர் தள்ளி. எட்டுக்கு எட்டாக 64 வைத்த தகடும் உண்டு. அலை பல மடங்கு பெரிதாக வரும், எந்த வட்டத்துக்குக் கீழே என்றும் தெரியும். சொல்லில் ‘மேற்பட்டை’ இருந்தே ஆக வேண்டும் என்று நான் நிற்பது இதனால்தான்.

சரி, எதற்காக இந்த அளவு கிட்டப் போக வேண்டும்? அக்காவின் மகனுக்கு வலிப்பு இடது கைப் பெருவிரலில் தொடங்கும். விரல் துடிக்கும், பிறகு மணிக்கட்டு, முழங்கை, அப்புறம் வாயின் இடது கோணம் இழுக்கும். சில நாள் அதோடு நின்றுவிடும், சில நாள் விழுந்துவிடுவான். 2009இல் போரில், ஏழு வயதில், வலது காதுக்கு மேலே ஏறிய செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. துடிக்கிற பெருவிரலை ஆட்டுவிக்கும் இடம் மூளையின் வலப்பக்கத்தில் ஒன்று. வலிப்புத் தொடங்கும் இடம் அதுவாகவே இருக்க வேண்டியதில்லை.

குளக்கட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கட்டுக்கு அடியில் வயலில் ஈரம் தெரியும். அங்கே மண் போட்டால் நிற்காது. எலி வளையோ நண்டு வளையோ கட்டின் அந்தப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் இருக்கும். மருத்துவர்களும் இப்படித்தான் பிரிக்கிறார்கள்: அறிகுறி தெரியும் வலயம், வலிப்பு இல்லாத நேரத்திலும் கூர் எழும் உறுத்தல் வலயம், வலிப்புத் தொடங்கும் வலயம். எதை எடுத்தால் வலிப்பு நிற்குமோ அதற்குத் தனிப்பெயர் உண்டு. நான் அதை வலிப்பூற்று என்பேன். வலயம் என்ற சொல்லை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துணுக்காய்க் கல்வி வலயத்துக்கு அலைந்த காலே சாட்சி.

துண்டைச் சுற்றியிருக்கும் தழும்பும் அதையொட்டிய மேற்பட்டையும்தான் வழக்கமாகக் குழப்படி. தலைக்குள் உலோகம் இருப்பவரை எம்ஆர்ஐக்குள் விட மருத்துவர்கள் தயங்குவார்கள். காந்தம் இழுத்துவிடலாம், படமும் கெடும். அப்போது மின்பதிவின் மதிப்புக் கூடுகிறது. வியட்நாம் போரில் தலையைத் துளைத்த காயத்தோடு தப்பிய அமெரிக்கப் படையினரைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்தபோது பாதிப் பேருக்கு வலிப்பு வந்திருந்தது.

இன்னொன்று. தமிழ்நாட்டு நூல்களில் உயிரின் மிகச்சிறிய அலகுக்குச் செல் என்று எழுதுகிறார்கள். எங்கள் நூல்களில் கலம். இங்கே செல் என்றால் விழுவது. ‘மூளையில் சில செல்கள்’ என்று அந்தக் கடிதம் தமிழில் வந்திருந்தால் அக்கா அதை எப்படி வாசித்திருப்பார்?

பதிவு நடக்கும் விதம் சுருக்கமாக. இரண்டு பொருத்தமான மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் மருந்துக்கு அடங்காதது என்பது 2010இல் உலக வலிப்பு அமைப்பு வகுத்த கணக்கு. அதற்குப் பிறகுதான் அறுவை பற்றிய பேச்சு. அறுவைத் தியேட்டரில் தகட்டை விரித்துச் சில நிமிடங்கள் பதிவார்கள். அந்த நேரத்தில் வலிப்பு வருவது அரிது, பெரும்பாலும் வலிப்புகளுக்கு இடையில் எழும் இடைநேரக் கூர்கள்தான் கிடைக்கும். ஒரு கூர் 20 முதல் 70 மில்லிசெக்கன், கண்ணிமைப்பதை விடக் குறைவு. மயக்க மருந்து சிலது கூரை அமுக்கும், சிலது இல்லாத கூரையும் கிளப்பும். வெட்டிய பிறகு மீண்டும் பதிவார்கள். மிஞ்சிய கூரை விரட்டிக்கொண்டு இன்னும் வெட்டுவதா விடுவதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இழுபறி உண்டு. அதனால் சில இடங்களில் தகட்டை உள்ளே விட்டு மூடி, நாட்கணக்கில் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து, மருந்தைக் குறைத்து, வலிப்பு வரும்வரை காத்திருப்பார்கள்.

அக்காவின் பயம் முழுப்பிழையும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொன்றியலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்ட் நோயாளியை விழிப்பில் வைத்தபடியே மேற்பட்டையில் மெல்லிய மின் தொட்டு, எங்கே பேச்சு, எங்கே கை என்று குறித்தார். மூளைக்கு நோ தெரியாது. இன்றும் தேவையானால் அப்படிச் செய்வார்கள், வெட்டக்கூடாத இடத்தை அறிய. அது பதிவு அல்ல, தூண்டல். பெயரும் வேறு.

வலிப்பு என்ற சொல்லுக்கு ஒரு வரி: துடுப்பு வலித்தல் என்பதில் இருக்கும் அதே வலி, இழுத்தல். நடராசர் காலடியில் கிடக்கும் முயலகனின் பெயரும் பழைய தமிழில் இந்த நோய்க்கு உண்டு; கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது.

அக்கா கொப்பியில் எழுதிக்கொண்டார், மேற்பட்டை மின்வரைபு. எழுத்துக் கூட்டி ஒருமுறை வாசித்தார். பிறகு கேட்டார்:

“பட்டையைப் பாக்கத் தலை முழுக்க வழிப்பாங்களோ? பெடியன் இப்பதான் ஆசையா மயிர் வளத்து வைச்சிருக்கிறான்.”

“சில இடங்களில வெட்டுற பக்கம் மட்டும்தான் வழிக்கிறவை. டொக்டரிட்டக் கேளுங்கோ அக்கா.”

அதையும் கொப்பியில் எழுதினார்.